தெற்கு பிரான்ஸின் சிவப்புக் கலவை ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெசியே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைக் கிராமத்தில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். சில அறுவடைகளில் கத்தரி பிடித்துக் குலை வெட்டியிருக்கிறேன், அப்புறம் ஊர்க் கூட்டுறவு ஒயின் கூடத்தில் விற்பனை மேசையில் நின்றேன். பாண்டிச்சேரியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் நண்பர்கள், போனில் கேட்கும் தங்கைகள், எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

அக்கா, பிரெஞ்சு சிவப்பு ஒயின்னா போர்தோதானே? இது எந்த ஊரு?

போர்தோ அட்லாண்டிக் கடல் பக்கம். நான் சொல்வது மத்தியதரைக் கடல் பக்கம். நீம் நகரத்தில் தொடங்கி மோன்பெலியே, பெசியே, நர்போன் என்று இறங்கி, ஸ்பெயின் எல்லைக்கு முன்னால் பெர்ப்பிஞான் வரை கடலை ஒட்டி வளைந்து கிடக்கிற நிலம். இதற்கு லாங்தொக் என்று பெயர், தென்கோடிக்கு மட்டும் ருசியோன். பரப்பளவில் பிரான்ஸிலேயே பெரிய திராட்சை வட்டாரம் இதுதான். ரோமானியர்கள் கி.மு. 118-இல் நர்போனை நிறுவினார்கள், அந்தக் காலத்திலிருந்தே இங்கே ஒயின் உண்டு.

பாட்டிலில் 'லாங்தொக்' என்றே இருக்கலாம், இல்லை என்றால் உள்ளூர்ப் பெயர் இருக்கும்: கொர்பியேர், மினெர்வுவா, ஃபோஜேர், சான்-சினியான், ஃபிட்டு, பிக் சான்-லூ, தெராஸ் த்யு லார்சாக். பக்கத்து ரோன் பள்ளத்தாக்கின் தெற்கிலும் ப்ரோவான்ஸிலும் இதே குடும்பத்துத் திராட்சைகளைக் கலந்துதான் செய்கிறார்கள், ஆனால் இந்தப் பதில்களில் நான் பெரும்பாலும் லாங்தொக் பற்றித்தான் பேசுகிறேன், ஏனென்றால் நான் கண்ணால் பார்த்தது அதுதான்.

'ட்ரை'னு சொல்றாங்களே, தண்ணியா இருக்குற ஒயின் எப்படி உலர்ந்து இருக்கும்?

இனிப்பு இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். பிரெஞ்சில் 'செக்'. திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஏறக்குறைய முழுவதையும் தின்று முடித்துவிட்டால் அது ட்ரை. ஐரோப்பிய விதிப்படி ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரைக்குள் இருந்தால் ட்ரை என்று போடலாம், புளிப்பு போதுமான அளவு இருந்தால் 9 கிராம் வரை கூட விடுவார்கள். நம் ஊரில் விழாக்காலத்தில் வீட்டில் போடும் இனிப்பு ஒயினை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தால் முதல் மிடறு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

சர்க்கரை இல்லைன்னா ஏன் பழ ஜாம் மாதிரி வாசனை வருது?

வாசனை வேறு, சர்க்கரை வேறு. பழுத்த நாவல்பழ வாசனை மூக்கில் ஏறியதும் மூளை இனிப்பை எதிர்பார்க்கிறது. ஆல்கஹாலுக்கும் நாக்கில் லேசான இனிப்பு உணர்வு உண்டு, வெயில் ஊர் என்பதால் இங்கே 13, 14 சதவீதம் சாதாரணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், இனிப்பு காணாமல் போய் துவர்ப்பும் புளிப்பும்தான் மிஞ்சும்.

கலப்பு ஒயின்னு சொல்றீங்க. அப்போ கலப்படம்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். இல்லவே இல்லை. கலவை வேறு, கலப்படம் வேறு. காபிப்பொடிக் கடையில் நின்று பீபெரி இவ்வளவு, பிளான்டேஷன் இவ்வளவு என்று சொல்லி அரைத்து வாங்குகிறோம், ஒன்று மணத்துக்கு, இன்னொன்று கெட்டித்தன்மைக்கு. அதை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. புளியங்கொட்டைத் தூளை யாருக்கும் சொல்லாமல் சேர்த்தால் அது கலப்படம்.

இங்கே நடப்பதும் அதே. ஒரே வட்டாரத்தில் விளைந்த இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து வகைத் திராட்சைகளின் ஒயினை அளவு பார்த்துச் சேர்க்கிறார்கள். எந்தத் திராட்சையைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் எழுதி வைத்த விதி இருக்கிறது. லாங்தொக், கொர்பியேர், மினெர்வுவா போன்ற பெயர்களில் சிவப்பு ஒயின் விற்க வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு வகை கலந்தே ஆக வேண்டும். அதாவது, கலக்காவிட்டால்தான் அந்தப் பெயரைப் போட முடியாது.

என்னென்ன திராட்சை சேர்ப்பாங்க? ஒவ்வொண்ணும் என்ன வேலை செய்யுது?

முக்கியமானவை ஐந்து. கிரெனாஷ் உடம்பு, அதாவது வாயை நிறைக்கும் கனம், கொடுக்கும். வெயிலையும் காற்றையும் தாங்கும், சர்க்கரை நிறைய ஏறும், அதனால் ஆல்கஹாலும் ஏறும், ஆனால் நிறம் கொஞ்சம் வெளிர், காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பாகிவிடும். சிரா அதற்கு நேர் எதிர்: மை போன்ற நிறம், மிளகு வாசனை, வயலட் பூ வாசனை. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது மூடும். முர்வெத்ர் தாமதமாகப் பழுக்கிற பிடிவாதக்காரத் திராட்சை, தலைக்கு வெயில் வேண்டும், காலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள், அதனால் கடலுக்குப் பக்கத்தில் நன்றாக வரும். நல்ல துவர்ப்பு, பதனிட்ட தோல் வாசனை, பாட்டிலில் வருஷக்கணக்கில் நிற்கும் வலு, எல்லாம் அதனிடமிருந்து. சான்சோ மென்மையானது, ரோஜா நிற ஒயினுக்கும் அதிகம் போகும், சிவப்பில் சேர்த்தால் தொண்டையில் இறங்குவது சுலபமாகும்.

ஐந்தாவது கரிஞான். எனக்கு இதன் மேல்தான் பாசம். ஸ்பெயினிலிருந்து வந்தது, 1960-களில் பிரான்ஸிலேயே அதிகமாக நடப்பட்டிருந்த சிவப்புத் திராட்சை. புளிப்பும் துவர்ப்பும் அதிகம், தண்ணீரும் வளமும் கொடுத்தால் அள்ளி அள்ளிக் காய்க்கும், அப்படிக் காய்த்த பழத்தில் ருசி இருக்காது. அதனால் கெட்ட பெயர் வாங்கியது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய மானியம் கொடுத்துப் பிடுங்கச் சொன்னார்கள், ஆயிரக்கணக்கான எக்டேர் போய்விட்டது. ஆனால் கல் நிறைந்த மேட்டில், அறுபது எண்பது வயதான கொடியில், கொடிக்குக் கொஞ்சமாகக் காய்த்த கரிஞான் இருக்கிறதே, அது வேறு விஷயம். அந்தக் கொடிகளுக்குப் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. முழங்கால் உயரத்தில் கிண்ணம் போலக் கிளை விரித்து நிற்கும். குனிந்துதான் வெட்ட வேண்டும், இடுப்பு ஒடியும்.

ஏன், நல்லதா ஒரே ஒரு திராட்சையை எடுத்துச் செஞ்சா என்ன?

செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் இது வெயில், காற்று, திடீர் மழை எல்லாம் உள்ள ஊர். ஒரு வருஷம் பூக்கும் நேரத்தில் குளிர்ந்தால் கிரெனாஷ் பூ உதிர்ந்து காய் பிடிக்காது. இன்னொரு வருஷம் செப்டம்பர் மழை முந்தி வந்தால் முர்வெத்ர் பழுக்காமலே நிற்கும். ஐந்து வகை நட்டிருந்தால் ஒன்று போனாலும் நான்கு இருக்கும். பழைய குடியானவன் புத்தி அது. ருசிக்காக வந்த பழக்கம் என்று இப்போது சொன்னாலும், பயிர் பொய்த்துவிடுமோ என்ற பயமும் அதற்குள் இருக்கிறது.

பழத்தைக் கலக்குறாங்களா, ஒயினையா?

பெரும்பாலும் ஒயினை. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு நேரத்தில் பழுக்கும், சிரா செப்டம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடும், கரிஞானும் முர்வெத்ரும் கடைசியில். அதனால் தனித்தனித் தொட்டியில் நொதிக்க வைத்து, குளிர்காலத்திலோ வசந்தத்திலோ உட்கார்ந்து ருசி பார்த்து, அளவு ஜாடியில் சின்னச் சின்னக் கலவையாகப் போட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள். எங்கள் கூடத்தில் அந்த நாள் ஒரு கல்யாண நிச்சயம் மாதிரி. பெரியவர்கள் எல்லாம் மேசையைச் சுற்றி நிற்பார்கள், சிரா 30 சதவீதம் போதுமா 35 வேண்டுமா என்று அரை நாள் வாக்குவாதம் நடக்கும். கலவையை முடிவு செய்கிற அந்த வேலைக்கு 'அசாம்ப்ளாஜ்' என்று பெயர். சிலர் ஒரே நாளில் வெட்டிய இரண்டு வகைப் பழங்களைச் சேர்த்தே நொதிக்க வைப்பதும் உண்டு.

கரிஞானுக்கு இன்னொரு வழி இருக்கிறது. குலையை நசுக்காமல், காம்போடு அப்படியே தொட்டியில் போட்டு, கரியமில வாயுவை நிரப்பி மூடிவிடுவார்கள். முழுப் பழத்துக்கு உள்ளேயே நொதித்தல் தொடங்கும். துவர்ப்பு குறைந்து பழ வாசனை தூக்கலாக வரும். முரட்டுக் கரிஞானை வழிக்குக் கொண்டுவர இந்த முறை ரொம்ப உதவியது.

இவ்ளோ கருஞ்சிவப்பு எங்கேருந்து வருது? கலர் பொடியா?

தோலிலிருந்து. இந்தத் திராட்சைகளை நசுக்கினால் சாறு கிட்டத்தட்ட நிறமில்லாமல்தான் வரும். தோலோடு சேர்த்து நாள்கணக்கில் ஊற வைப்பதால் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. வெளியிலிருந்து சாயம் சேர்க்கச் சட்டம் விடாது.

மிளகு, மூலிகை எல்லாம் போட்டு ஊற வைப்பாங்களா? மிளகு வாசனை வருதே?

போடுவதில்லை. ஆனால் உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. சிராவின் தோலில் ரொட்டன்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, நம் கருமிளகின் மணத்துக்குக் காரணமும் அதேதான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எனவே மிளகு மாதிரி என்று சொல்ல வேண்டியதில்லை, மிளகு வாசனையேதான்.

மூலிகை விஷயம் அவ்வளவு நேராகச் சொல்ல முடியாதது. தோட்டங்களைச் சுற்றி 'கரீக்' என்கிற புதர்க்காடு இருக்கிறது, தைம், ரோஸ்மேரி, லாவெண்டர் எல்லாம் தானாக முளைத்த சுண்ணாம்புப் பாறைக் காடு. கோடையில் அதற்குள் நடந்தால் செருப்பில் கூட மணம் ஒட்டும். உள்ளூர் ஒயினில் அதே மணம் வருவதாக எல்லோரும் சொல்கிறோம், நானும் உணர்ந்திருக்கிறேன். அது காற்றில் வந்து பழத் தோலில் படிகிறதா, திராட்சைக்கே உள்ள வாசனையா என்பதில் கூடத்தில் உள்ளவர்களுக்கே ஒத்த கருத்து கிடையாது.

தெற்கு ஒயின் மட்டமானதுன்னு பாரிஸ்ல சொல்றாங்களே, ஏன்?

அந்தப் பெயருக்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது. 1850-களில் ரயில் வந்ததும் இங்கிருந்து மலிவு ஒயின் டாங்கு டாங்காக வடக்கே போகத் தொடங்கியது, சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றாடக் குடி. பின்னால் 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்கிற வேர்ப்பூச்சி கொடிகளைக் கொன்றது. மோன்பெலியே பேராசிரியர் ஜூல்-எமில் பிளான்ஷோன்தான் 1868-இல் சக பணியாளர்களோடு கொடியின் வேரைத் தோண்டி அந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தார். அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் நம் கொடியை ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள். மீண்டும் நட்டபோது மேட்டை விட்டுச் சமவெளிக்கு இறங்கினார்கள், விளைச்சல் கொட்டியது, தரம் போனது.

இதற்கிடையில் ஒயின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க உலர் திராட்சையை ஊற வைத்தும், பிழிந்த சக்கையில் சர்க்கரையும் தண்ணீரும் ஊற்றியும் போலி ஒயின் செய்யப் பழகிவிட்டார்கள். கொடி மீண்ட பிறகும் அந்த வியாபாரம் நிற்கவில்லை, விலை விழுந்தது. 1907 மார்ச்சில் அர்ஷெலியே கிராமத்திலிருந்து மார்செலின் அல்பேர் தலைமையில் எண்பத்தேழு பேர் நர்போனுக்கு நடந்தார்கள். ஞாயிறுதோறும் கூட்டம் பெருகி, ஜூன் 9 அன்று மோன்பெலியேவில் லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். பிரதமர் கிளெமான்சோவின் அரசு படையை அனுப்பியது, நர்போனில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, உள்ளூர்ப் பிள்ளைகள் இருந்த 17-ஆம் காலாட்படைப் பிரிவு கலகம் செய்து பெசியேவுக்குள் வந்து நின்றது. அந்த மாதக் கடைசியில் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. செப்டம்பரில், புதுத் திராட்சையையோ அதன் சாற்றையோ மட்டும் நொதிக்க வைத்ததற்கே ஒயின் என்ற பெயர் என்று ஆணையும் வந்தது.

கலப்படமா என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கலப்படத்தை எதிர்த்து உயிரைக் கொடுத்த ஊர் இது. இப்போது பாரிஸில் யாராவது மட்டம் என்று சொன்னால், அவர்கள் தாத்தா குடித்ததைப் பற்றிச் சொல்கிறார்கள். 1970-களிலிருந்து மேட்டு நிலத்துக்குத் திரும்பி, சிராவும் முர்வெத்ரும் நட்டு, விளைச்சலைக் குறைத்துத் தரத்தைத் தூக்கியிருக்கிறார்கள்.

லேபிள்ல ஏ.ஓ.பி, ஐ.ஜி.பி, வேன் த ஃப்ரான்ஸ்னு எல்லாம் இருக்கே, எதை வாங்கறது?

ஏ.ஓ.பி என்றால் ஊர்ப்பெயர் காக்கப்பட்டது, பழைய ஏ.ஓ.சி. எந்த நிலம், எந்தத் திராட்சை, எவ்வளவு விளைச்சல் எல்லாம் கட்டுப்பாடு. லாங்தொக்கில் ட்ரை சிவப்புக்கு முதலில் அந்தத் தகுதி வாங்கியது ஃபிட்டு, 1948-இல். ஃபோஜேர், சான்-சினியான் 1982-இல், கொர்பியேர், மினெர்வுவா 1985-இல், தெராஸ் த்யு லார்சாக் 2014-இல்தான். ஐ.ஜி.பி அதைவிடத் தளர்வானது, 'பெய் தோக்' என்று போட்டிருக்கும், மெர்லோ, கபெர்னே சோவிஞோன் போன்ற வெளியூர்த் திராட்சைகளும் அதில் உண்டு. வேன் த ஃப்ரான்ஸில் பிரான்ஸின் எந்த மூலைத் திராட்சையையும் சேர்க்கலாம்.

ஏ.ஓ.பி என்பது ருசிக்கு உத்தரவாதம் அல்ல. விதிக்குள் அடங்காத நல்ல தோட்டக்காரர் வேண்டுமென்றே வேன் த ஃப்ரான்ஸ் போடுவதும் உண்டு. முதல் முறை வாங்குகிறவருக்கு நான் சொல்வது: ஒரு சான்-சினியான் அல்லது மினெர்வுவா, போன வருஷத்தையோ அதற்கு முந்தின வருஷத்தையோ எடுங்கள்.

வெறும் 'சிரா'ன்னு மட்டும் போட்டிருக்கு. அப்போ அது கலப்பில்லாத ஒயின்தானே?

கட்டாயம் இல்லை. ஐரோப்பிய விதிப்படி ஒரே திராட்சைப் பெயரைப் போட 85 சதவீதம் அது இருந்தால் போதும். மீதி 15 வேறு வகையாக இருக்கலாம், லேபிளில் சொல்லவும் வேண்டாம். லேபிளில் போடும் அறுவடை வருஷத்துக்கும் அதே 85 கணக்குதான். கலவை என்றால் முகம் சுளித்து ஒற்றைத் திராட்சை கேட்டு வாங்குகிறவர்கள் பல சமயம் கலவையைத்தான் குடிக்கிறார்கள். இரண்டு மூன்று பெயர் சேர்த்துப் போட்டிருந்தால் மட்டும் முழுக்க அவையாகவே இருக்க வேண்டும்.

'ஷாத்தோ'ன்னா கோட்டையில செஞ்சதா?

கோட்டை இருக்க வேண்டியதில்லை, தகரக் கூரை கூடமாகவும் இருக்கலாம். ஏ.ஓ.பி ஒயினாக இருந்து, திராட்சை அந்தத் தோட்டத்திலேயே விளைந்திருந்தால் ஷாத்தோ என்று போடலாம்.

அஞ்சு யூரோவுக்கும் இருக்கு, இருபது யூரோவுக்கும் இருக்கு. வித்தியாசம் தெரியுமா?

தெரியும், ஆனால் நான்கு மடங்கு தெரியாது. இருபது யூரோ பாட்டிலில் கொடிக்குக் காய்ப்பு குறைவு, கையால் வெட்டு, ஓக் பீப்பாயில் ஒரு வருஷம், கனமான கண்ணாடி, நல்ல கார்க், இதற்கெல்லாம் காசு. எட்டிலிருந்து பன்னிரண்டு யூரோவுக்குள் இந்த வட்டாரத்தில் கிடைப்பது போல போர்தோவிலோ பர்கண்டியிலோ அந்த விலைக்குக் கிடைக்காது, இதை நான் மேசைக்குப் பின்னால் நின்று சொன்ன வார்த்தையாக இல்லாமல் வாங்கிக் குடிக்கிறவளாகவே சொல்கிறேன்.

அட்டைப் பெட்டிக்குள் பையும் குழாயுமாக மூன்று, ஐந்து லிட்டர் விற்பார்கள். அதைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். ஒயின் இறங்க இறங்கப் பை சுருங்கும், உள்ளே காற்றுப் போகாது, திறந்த பிறகும் ஒரு மாதம் நன்றாக இருக்கும்.

பத்து வருஷம் வச்சா ருசி ஏறுமாமே?

பெரும்பாலானவற்றுக்கு ஏறாது. வாங்கி இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடிப்பதற்காகவே செய்தவை அவை. முர்வெத்ரும் சிராவும் அதிகமுள்ள நல்ல ஃபோஜேர், லா கிளாப், பிக் சான்-லூ போன்றவை எட்டுப் பத்து வருஷம் நிற்கும், அதுவும் 12, 14 டிகிரி குளிர்ச்சியில், இருட்டில் படுக்க வைத்தால். சென்னை, பாண்டிச்சேரி வீட்டு அலமாரியில் ஒரு கோடை வைத்தாலே வெந்துவிடும்.

சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே?

16 முதல் 18 டிகிரியில் குடிக்க வேண்டும். அறை வெப்பம் என்று புத்தகங்களில் சொல்வது ஹீட்டர் இல்லாத பழைய கல்வீட்டு அறை, நம் ஊர் அறை இல்லை. 28 டிகிரி அறையில் இருந்த பாட்டிலை அரை மணி, முக்கால் மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இல்லாவிட்டால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். சான்சோ அதிகமுள்ள லேசான ஒயினை 14-லும் குடிக்கலாம். திறந்ததை மூடி ஃப்ரிட்ஜிலேயே வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

அடியில மண்டி நிக்குது, கெட்டுப்போச்சா?

இல்லை. நிறமும் துவர்ப்பும் சேர்ந்து படிந்தது, அல்லது டார்டாரிக் உப்புப் படிகம். நிமிர்த்தி வைத்துவிட்டு மெதுவாக ஊற்றினால் போதும். ஈர அட்டை, பழைய கோணி வாசனை வந்தால்தான் கார்க் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

நம்ம சாப்பாட்டுக்கு ஒத்து வருமா?

பாதி ஒத்து வரும். காரமும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும், ஆல்கஹால் அதை இன்னும் கிளறிவிடும். புளிக்குழம்பு, ரசம், மீன் குழம்பு பக்கம் கொண்டு போகாதீர்கள், ஒயின் தகரம் மாதிரி ருசிக்கும். ஆனால் மிளகாயை விட மிளகு தூக்கலான மட்டன் சுக்கா, மிளகுக் கோழி, எண்ணெயில் சுண்ட வதக்கிய கத்திரிக்காய், இவற்றுக்கு சிரா உள்ள கலவை பிரமாதம், காரணம் மேலே மிளகுக் கேள்வியில் இருக்கிறது. கொழுப்பும் இறைச்சிப் புரதமும் துவர்ப்பைப் பிடித்து அடக்கும். இந்த ஊர்க்காரர்கள் ஆட்டுக்கறிக்கும், வெள்ளை பீன்ஸும் வாத்தும் போட்டு மணிக்கணக்கில் வேக வைக்கிற கசூலேவுக்கும் இதைக் குடிப்பது அதனால்தான்.

முட்டை, மீன் எல்லாம் சேர்ப்பாங்களாம்? நாங்க சைவம்.

சேர்த்து எடுப்பார்கள் என்பது சரி. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின், மீன் பசை போன்றவை பழைய பழக்கம். கலங்கலோடு சேர்ந்து அடியில் படிந்ததும் வடித்துவிடுவார்கள். முட்டை, பால் மிச்சம் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும், மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இப்போது களிமண்ணும் பட்டாணிப் புரதமும் வைத்துத் தெளிய வைக்கிறவர்கள் நிறைய. 'வீகன்' என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாம், தெளிய வைக்காதது என்று போட்டிருந்தாலும் சரி.

சல்பைட் இருக்குறதாலதானே தலைவலி வருது?

ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் லேபிளில் போட வேண்டும், அதனால் எல்லாப் பாட்டிலிலும் அந்த வரியைப் பார்க்கிறீர்கள். ட்ரை சிவப்புக்கு உச்சவரம்பு 150, ட்ரை வெள்ளைக்கு 200. வெள்ளை குடித்து வராத தலைவலி சிவப்பில் வந்தால் சல்பைட்டைக் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் சல்பைட் உண்மையிலேயே ஆகாது. நொதிக்கும்போது உண்டாகும் ஹிஸ்டமின் மேல் சந்தேகம் உண்டு, 2023-இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் திராட்சைத் தோலில் இருக்கும் குவெர்செட்டின் என்ற பொருளைச் சந்தேகித்திருக்கிறார்கள், எதுவும் முடிவாகவில்லை. வெறும் வயிற்றில் 14 சதவீத ஒயினை மடமடவென்று குடித்துவிட்டு என்னிடம் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

இதயத்துக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னாராமே?

1990-களில் அப்படி ஒரு பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்கு அதை நம்பிக் குடிக்க ஆரம்பிக்காதீர்கள். மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. பிரெஞ்சு சுகாதாரத் துறையின் அறிவுரை: வாரத்துக்குப் பத்துக் கோப்பைக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், குடிக்காத நாளும் இருக்கட்டும். கோப்பை என்றால் 10 கிராம் ஆல்கஹால், 100 மில்லி. 13 சதவீதப் பாட்டில் ஒன்றில் கிட்டத்தட்ட எட்டுக் கோப்பை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். இது ருசிக்காகக் குடிப்பது, மருந்து இல்லை, குடிக்காதவர்கள் எதையும் இழக்கவில்லை.

மௌரி, பன்யுல்ஸ் குடிச்சேன், அதுவும் கிரெனாஷ்தான், அதே தெற்குதான், ஆனா தித்திப்பா இருந்ததே?

அது வேறு சாதி. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும்போதே நடுவில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இந்த முறை 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே ருசியோன் பக்கம் இருக்கிறது. குழப்பம் என்னவென்றால், 2011-லிருந்து மௌரியிலேயே ட்ரை சிவப்புக்கும் தகுதி உண்டு. லேபிளில் 'செக்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெயில் இப்படி ஏறிட்டே போனா இந்த ஒயின் இருக்குமா?

இங்கே எல்லோரும் ராத்திரி தூக்கமில்லாமல் யோசிக்கிற கேள்வி இது. 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்தின் வெரார்க் கிராமத்தில் 46 டிகிரி பதிவானது, அந்த ஒரே நாளில் பக்கத்துத் தோட்டங்களில் இலையும் காயும் தீயில் வாட்டியது போலக் கருகின. 2025 ஆகஸ்டில் கொர்பியேரில் காட்டுத்தீ சுமார் 16,000 எக்டேரை எரித்தது. பயிரிட்ட திராட்சைத் தோட்டம் இருந்த இடங்களில் தீ தயங்கியது, கொடியைப் பிடுங்கித் தரிசாகப் போட்ட இடங்களில் ஓடியது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். தப்பிய தோட்டத்திலும் புகை பழத்தின் தோலில் ஏறிச் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, நொதித்த பிறகு சாம்பல் வாசனையாக வெளியே வரும்.

அறுவடை, நாற்பது வருஷத்துக்கு முன்பைவிட இரண்டு மூன்று வாரம் முந்திவிட்டது. சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது, ஆல்கஹால் 15-ஐத் தொடுகிறது. ரோன் ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவருகிறார்கள், அது எட்டாத மேட்டில் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் கலவை கை கொடுக்கிறது. எந்தக் கரிஞானைப் பிடுங்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்களோ, அது வெயிலிலும் புளிப்பை விடாமல் வைத்திருக்கிறது. சான்சோ ஆல்கஹாலைக் கீழே வைக்கிறது. எங்கள் ஊரிலேயே மெர்லோவை எடுத்துவிட்டுக் கரிஞான் ஒட்டுச் செடி நட்டவர்கள் இருக்கிறார்கள். சிரா 35 என்று வாதாடிய பெரியவர் போன வசந்தத்தில் 20 போதும், மீதியைக் கரிஞான் பார்த்துக்கொள்ளும் என்றார். அடுத்த முறை பாட்டில் எடுக்கும்போது பின் லேபிளில் எந்தத் திராட்சையின் பெயர் முதலில் வருகிறது என்று பாருங்கள்.